பழைய பில்லியர்ட்ஸ் கோல் கூறும் வரலாறு

வரலாற்றுச் சான்றுகள் எவை என்று வகுப்பில் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், கோயில், இலக்கியம் என்று மாணவர்கள் வரிசையாகக் கூறிவிடுவார்கள். விடை சரியானதே. ஆயினும் அந்த வரிசை அவ்வளவில் முடிந்துவிடுவதில்லை. மனிதன் நாள்தோறும் கையில் எடுத்துப் பயன்படுத்திய பொருள்களும் வரலாற்றுச் சான்றுகளே. கலப்பையும் ஏற்றமும், திருகையும் தராசும், குழந்தையின் மரப்பாச்சியும் தத்தம் காலத்தைப் பற்றி நமக்குச் சொல்லும் செய்திகள் பல. ஏட்டில் இடம் பெறாத எளிய மக்களின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய பொருள்களிலேயே தங்கியிருக்கிறது. இன்று அத்தகைய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வயதையும் பிறப்பையும் அறிவது எவ்வாறு? பழுதுற்றிருந்தால் அதனைச் செம்மைப்படுத்துவது எவ்வாறு? அவ்வாறு செம்மைப்படுத்தும்போது எதனை அழியாமல் காக்க வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம். நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், பழைய பில்லியர்ட்ஸ் கோல்.

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் என்பன ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று ஆட்டங்கள். பச்சைத் துணி விரித்த மேசையின்மேல் பந்துகளை வைத்து, நீண்ட மரக்கோலின் நுனியால் ஒரு பந்தைத் தட்டி, அதனால் பிற பந்துகளை இயக்குவது இவற்றின் பொது இலக்கணம். அந்தக் கோலை ஆங்கிலத்தில் ‘கியூ’ என்பர். ஸ்னூக்கர் கோல் பெரும்பாலும் 57 அல்லது 58 அங்குல நீளமும், 17 அவுன்ஸை ஒட்டிய எடையும் உடையது. அஃதாவது ஏறத்தாழ அரைக் கிலோ. நுனி ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அமெரிக்காவில் வளர்ந்த பூல் ஆட்டத்தின் கோலுக்கு நுனி சற்றுப் பருமனானது. எடையும் சிறிது மிகுதி.

இக்கோலின் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் புல்தரையில் கோலால் பந்தை உருட்டி ஆடிய ஓர் ஆட்டமே, 15-ஆம் நூற்றாண்டில் மன்னர்களின் மாளிகைக்குள் மேசைமேல் ஏறியது. மேசை விரிப்பின் பச்சை நிறம் அந்தப் புல்தரையின் நினைவே என்பர். தொடக்கத்தில் தலை பருத்த ஒரு தண்டினால் பந்தைத் தள்ளினார்கள். மேசையின் ஓரத்தை ஒட்டிப் பந்து நின்றால், பருத்த தலை அங்கே நுழையாது. அப்போது தண்டைத் திருப்பிப் பிடித்து அதன் மெல்லிய வால்பகுதியால் பந்தைத் தட்டினார்கள். பிரெஞ்சு மொழியில் வாலைக் குறிக்கும் சொல்லே ‘கியூ’ என்பது. நாளடைவில் தலை மறைந்தது, வாலே கோலாயிற்று.

அந்த வாலுக்கு உயிர் கொடுத்தது ஒரு சிறு தோல் துண்டு. வெறும் மரநுனி பந்தின் நடுவில் பட்டால்தான் பயன். சற்று விலகிப் பட்டாலும் வழுக்கிவிடும். பிரெஞ்சுப் படைத்தலைவர் பிரான்சுவா மேங்கோ என்பவர், சிறைவாசத்தின்போது இவ்வாட்டத்தில் மூழ்கி, 1807-ஆம் ஆண்டை ஒட்டி, கோலின் நுனியில் தோலை ஒட்டும் முறையைக் கண்டார் என்பர். தோல் பந்தைக் கணப்பொழுது பற்றிக்கொள்கிறது. ஆதலால் பந்தின் மேற்புறத்திலோ, கீழ்ப்புறத்திலோ, பக்கத்திலோ தட்டி, அது தன்னைத்தானே சுழலுமாறு செய்ய முடிந்தது. முன்னே சென்ற பந்து பின்னே திரும்பி வந்ததைக் கண்டோர் மாயம் என்றே வியந்தனர். மாயம் ஒன்றும் இல்லை; மரத்துக்கும் பந்துக்கும் இடையே தோல் உண்டாக்கிய உராய்வே காரணம். அந்த உராய்வை மிகுவிக்கவே, இன்றும் ஆட்டக்காரர்கள் நுனியில் நீலநிறச் சாக்கட்டியைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.

தோலைப் பற்றி நம் பகுதியாருக்கு மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. நான் வாழும் அரக்கோணத்திலிருந்து மேற்கே இரயிலில் சென்றால், இராணிப்பேட்டை, வேலூர்ப் பகுதிகளைத் தொடர்ந்து ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக உள்ளன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலைப் பதப்படுத்தும் பழைய முறை இவ்வூர்களின் முதுசொம். அவ்வாறு பதனிட்ட தோல் கட்டுக்கட்டாகச் சென்னைத் துறைமுகம் சென்று, அங்கிருந்து இலண்டன் சந்தைக்குக் கப்பல் ஏறிய காலம் ஒன்று உண்டு. தோலின் கழிவுகளைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் என்னும் பசை, தச்சர்களுக்கு வேண்டிய பொருளாயிற்று. கோலின் நுனியும் தோல்; அதனை ஒட்டும் பழைய பசையும் தோலின் பிள்ளை. இதனை நினைவில் கொள்க. செம்மைப்படுத்தும் முறையைக் கூறும்போது மீண்டும் வேண்டியிருக்கும்.

இனி, இந்த ஐரோப்பிய ஆட்டம் நம் நாட்டுக்கு வந்த கதையைக் காண்போம். வந்தது என்று மட்டும் கூறினால் பாதி உண்மையே ஆகும். உலகெங்கும் ஆடப்படும் ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தான். 1875-ஆம் ஆண்டு, ஜபல்பூரில் தங்கியிருந்த டெவன்ஷயர்ப் படைப்பிரிவின் அதிகாரிகள், மழைக்காலப் பிற்பகல்களைப் பில்லியர்ட்ஸ் மேசையருகே கழித்தனர். அவர்களுள் இளைஞராகிய நெவில் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லேன் என்பவர், சிவப்புப் பந்துகளும் கறுப்புப் பந்தும் கொண்ட ஓர் ஆட்டத்தில் வேறு வண்ணப் பந்துகளையும் சேர்த்துப் பார்த்தார். எளிய பந்து ஒன்றைத் தவறவிட்ட நண்பரை அவர் ‘ஸ்னூக்கர்’ என்று கேலி செய்தாராம். இங்கிலாந்தின் இராணுவப் பள்ளியில் முதலாண்டு மாணவனைக் குறித்த ஏளனச் சொல் அது. ஏளனமே ஆட்டத்துக்குப் பெயராயிற்று. பின்னர்ச் சென்னைப் படையின் தலைவருடன் பணிபுரிந்த சேம்பர்லேன், கோடையில் உதகமண்டலத்தில் தங்கினார். 1880-களின் தொடக்கத்தில் உதகை மன்றத்தில்தான் இவ்வாட்டத்தின் விதிகள் எழுத்து வடிவம் பெற்றன. இச்செய்திகளை 1938-ஆம் ஆண்டில் முதுமைப் பருவத்தில் அவரே கடிதமாக எழுதி வெளியிட்டார். பிரிட்டனின் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லேன் வேறு, இவர் வேறு. மாணவர்கள் இருவரையும் ஒருவராகக் கருதிவிடலாகாது.

மலை உச்சியில் வாழ்ந்த ஆட்டம் சமவெளிக்குப் பரவ உதவிய கருவிகளுள் இருப்புப்பாதையும் ஒன்று. 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணி இரயில் ஓடியது. அப்பாதை அரக்கோணத்தின் வழியாகவே செல்கிறது. பின்னர் வடமேற்கே ரேணிகுண்டாவை நோக்கியும், தெற்கே காஞ்சிபுரம், செங்கற்பட்டை நோக்கியும் பாதைகள் பிரிந்தமையால் அரக்கோணம் பெரிய சந்திப்பாயிற்று. இத்தகைய இரயில்வே ஊர்களில் ஊழியர் குடியிருப்புகளும், ‘இன்ஸ்டிடியூட்’ என்று வழங்கிய பொழுதுபோக்கு மன்றங்களும் எழுந்தன. நடனக்கூடம், படிப்பகம், பில்லியர்ட்ஸ் மேசை ஆகியவை அம்மன்றங்களின் வழக்கமான உறுப்புகள். 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட முழு அளவு மேசையின் பச்சைத் துணிக்கு அடியில் கனத்த கற்பலகைகள் உண்டு. மொத்த எடை ஒரு டன்னுக்கும் மேல். இருப்புப்பாதை இல்லாமல் இத்தகைய மேசைகள் உள்நாட்டு ஊர்களை எளிதில் அடைந்திருக்க மாட்டா.

மேசையைச் சுற்றி ஆடியவர்கள் யார் என்ற வினா முக்கியமானது. ஆங்கிலேயர் ஆட்சியில் பெருமன்றங்கள் பலவற்றில் இந்தியருக்கு உறுப்பினர் உரிமை இல்லை. இரயில்வே ஊர்களிலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்கு ஒரு மன்றமும், இந்தியருக்கு வேறொரு மன்றமும் அமைந்திருந்தது உண்டு. ஆயினும் ஐரோப்பியர் மட்டுமே ஆடிய அறையிலும் ஓர் இந்தியர் நாள்தோறும் நின்றிருந்தார். அவரை ‘மார்க்கர்’ என்று அழைத்தார்கள். புள்ளிகளைக் கணக்கிட்டுப் பலகையில் குறிப்பதும், மேசைத் துணியைத் துலக்குவதும், கோல்களுக்குத் தோல் நுனி மாற்றுவதும் அவருடைய வேலை. ஆட ஆள் இல்லாத உறுப்பினருக்கு எதிராளியாக நின்று ஆடுவதும் அவரே. உறுப்பினர்களைவிடத் திறமையாக ஆடிய மார்க்கர்கள் பல மன்றங்களில் இருந்தனர். கோப்பைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுடைய கைவேலை எஞ்சியிருக்கக்கூடிய இடம், அவர்கள் செப்பனிட்டு வைத்த கோல்களே ஆகும்.

ஒரு பழைய கோல் நம் கையில் கிடைத்தால் அதனை எவ்வாறு படிப்பது? முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். ஆங்கில முறைக் கோல்களின் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரத்தால் ஆனது. அம்மரத்தின் நுண்துளைகள் கண்ணுக்குத் தெரியும். கோலின் நீளத்தில் அம்பு முனைகளை அடுக்கினாற்போன்ற வரிகள் விளங்கும். மேப்பிள் மரமாயின் மேனி வழவழப்பாகவும், வரிகள் மங்கலாகவும் இருக்கும். அமெரிக்கப் பூல் கோல்களில் இதுவே மிகுதி. கைப்பிடியின் கறுப்புப் பகுதி கருங்காலி. இலங்கையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் வளர்வது அது. நீரில் போட்டால் மூழ்கும் அளவு கனமானது. குளிர்நாட்டு ஆஷும் வெப்பநாட்டுக் கருங்காலியும் ஒரே கோலில் இணைந்திருப்பதைக் காணும்போது, ஆங்கிலப் பேரரசின் வணிகப் பாதைகள் கைக்குள் வந்துவிட்டாற்போல் தோன்றும்.

அடுத்து, இருவகை மரமும் இணையும் இடத்தைக் காண்க. கையால் இழைத்து ஒட்டிய கோலில், கருங்காலியின் மேல்முனைகள் நாக்கின் நுனிபோல் வளைந்து முடியும். நான்கு முனைகளும் துல்லியமாக ஒரே உயரத்தில் இரா. எந்திரத்தால் வெட்டி இணைத்த ஆங்கிலக் கோலில், அம்முனைகள் ஈட்டிபோல் கூர்மையாகவும் ஒரே அளவாகவும் நிற்கும். வளைந்த முனை தச்சரின் இழைப்புளிக்குச் சான்று. கூர்முனை எந்திர வாளுக்குச் சான்று. ஆனால் இவ்விதியை எல்லாக் கோல்களுக்கும் பொருத்திவிடலாகாது. அமெரிக்கப் பூல் கோல்களில் கூர்முனை இணைப்பே சிறந்த வேலைப்பாடாகப் போற்றப்பட்டது. ஒரு நாட்டின் அளவுகோலால் மற்றொரு நாட்டின் பொருளை அளப்பது, மரக்கோல் ஆராய்ச்சியிலும் பிழையே.

மூன்றாவது, கோலின் அடிப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி, அதில் பதித்திருக்கும் சிறு பெயர்த்தகடு. தர்ஸ்டன், பரோஸ் அண்டு வாட்ஸ், ரைலி முதலிய ஆங்கில நிறுவனங்களின் பெயர்களை அதில் காணலாம். தர்ஸ்டன் 1799-ஆம் ஆண்டிலும், பரோஸ் அண்டு வாட்ஸ் 1836-ஆம் ஆண்டிலும் தொடங்கியவை. சில தகடுகளில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பெயரும், அவர் ஒரே தொடர்ச்சியில் எடுத்த புள்ளிகளின் எண்ணும் இருக்கும். ஆஸ்திரேலியரான வால்டர் லின்ட்ரம், 1932-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் 4,137 புள்ளிகளை ஒரே தொடர்ச்சியில் எடுத்தார். அவர் பெயரோடு 4137 என்ற எண் பொறித்த கோல் ஒன்று கிடைத்தால், அது 1932-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அது 1932-இல் செய்யப்பட்டது என்று அந்த எண் கூறவில்லை. 1932-க்குப் பின் என்றுதான் கூறுகிறது. புகழ்பெற்ற பெயரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறித்து விற்பது வணிகர் இயல்பு. ஒரு கல்வெட்டில் ஓர் அரசனின் வெற்றி குறிக்கப்பட்டிருந்தால், கல்வெட்டு அவ்வெற்றிக்குப் பிற்பட்டது என்று கொள்கிறோம் அன்றோ? அதே நெறிதான் இங்கும்.

இவற்றுக்குமேல் சிறு குறிப்புகளும் உண்டு. அடிப்பகுதியில் 16½, 17 என்று பொறித்த எண் அவுன்ஸ் எடையைக் குறிக்கும். கறுப்பு வண்ணம் பூசிய தகரக் குழாய் உறை கிடைத்தால், அதில் எழுதிய உடைமையாளர் பெயர் பெருந்துணை புரியும். உலக்கைக்குப் பூண் இடுவதுபோல் கோலின் நுனிக்கும் பித்தளைப் பூண் இடுவதுண்டு. பழைய கோல்கள் பலவற்றில் பூண் இல்லாமல் மரத்தின்மீதே தோல் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் பூணும் தோலும் அடிக்கடி மாற்றப்படுபவை. ஆதலின் அவற்றை மட்டும் கொண்டு கோலின் வயதை முடிவு செய்தல் கூடாது.

பெயர்த்தகட்டையே முழுதும் நம்பிவிடுவதும் தவறு. தகடு கழற்றி ஒட்டக்கூடிய பொருள். புகழுக்கு விலை உள்ள இடத்தில் போலியும் இருக்கும். ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் பாலபுஷ்கா என்பவர், 1959 முதல் 1975-இல் மறையும்வரை பூல் கோல்கள் செய்து பெரும்புகழ் பெற்றார். 1986-ஆம் ஆண்டின் ஹாலிவுட் படம் ஒன்றில் அவர் பெயர் பேசப்பட்ட பின் புகழ் மேலும் வளர்ந்தது. அவர் செய்த கோல்கள் பலவற்றில் பெயரே இல்லை. எனவே பெயரைத் தேடாமல், மரத்தின் தேர்வு, முனைகளின் அமைப்பு, கைப்பிடியில் சுற்றிய லினன் நூல், இணைப்புத் திருகு ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தே வல்லுநர்கள் தீர்ப்புக் கூறுகிறார்கள். ஒரு சான்று ஐயத்தை எழுப்பலாம். பல சான்றுகள் ஒத்து நின்றால்தான் முடிவுக்கு வரலாம்.

இந்நெறியை நான் நேரில் பயன்படுத்த ஒரு வாய்ப்பு வந்தது. ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், என் பழைய மாணவர் ஒருவர் நீண்ட துணிப்பொதி ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். “ஐயா, பழைய வீட்டை இடிக்கும்போது பரண்மேல் இது கிடைத்தது. தாத்தா இரயில்வேயில் இருந்தவர். யாரோ வெள்ளைக்கார அதிகாரி அவருக்குப் பரிசாகக் கொடுத்திருக்க வேண்டும்” என்றார். பொதியில் இருந்தது ஆஷ் மரத் தண்டும் கருங்காலிப் பிடியும் கொண்ட ஒரு கோல். முனைகள் வளைந்திருந்தன, ஆகவே கைவேலை. தகட்டில் லின்ட்ரம் பெயரும் 4137 என்ற எண்ணும் தேய்ந்த நிலையில் தெரிந்தன. அந்த அளவில் மாணவரின் முகம் மலர்ந்தது.

கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது வேறு செய்திகளும் புலப்பட்டன. நுனியின் பூண் தொழிற்சாலையில் செய்தது அன்று. பித்தளைக் குழாய் ஒன்றிலிருந்து அரத்தால் அறுத்து எடுத்தது. அடிப்பகுதியில் இருந்த வெடிப்பு ஒன்றை வச்சிரம் வைத்து, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே அரக்குப் பூசி அடைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, தகட்டுக்கு எதிர்ப்புறத்தில், கத்தி முனையால் கீறிய ஒரு தமிழ் எழுத்து: ‘வே’. மாணவரின் பாட்டனார் பெயரும் அவ்வெழுத்திலேயே தொடங்கியது. எங்கள் தெருவில் இருந்த முதிய இரயில்வே ஊழியர் ஒருவரை விசாரித்தோம். “அவரா? மன்றத்தில் மார்க்கராக இருந்தாரே! அவர் கைபட்ட கோல் சாய்வின்றி ஓடும் என்பார்கள்” என்றார் அவர்.

மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “ஐயா, அந்தக் கீறலையும் நூல் சுற்றையும் எடுத்துவிட்டு, உப்புத்தாள் போட்டு, புதிது போல் பளபளப்பாக்கிவிடலாமே. கூடத்தில் மாட்டிவைக்க நன்றாக இருக்கும்” என்றார். அவர் மனத்தில் இருந்ததை நான் உணர்ந்தேன். அதிகாரி தந்த பரிசு என்றால் பெருமை. பணியாள் பழுது பார்த்த கோல் என்றால் அவ்வளவு பெருமை இல்லை என்று அவர் எண்ணினார். நான் அவரிடம், “தம்பி, இந்தத் தகட்டில் உள்ள பெயர் எத்தனையோ கோல்களில் இருக்கிறது. இந்த எழுத்து இந்த ஒரு கோலில்தான் இருக்கிறது. இதனைத் தேய்த்துவிட்டால் உங்கள் தாத்தாவைப் பற்றி உங்களிடம் எஞ்சுவது என்ன?” என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் வந்து, கோலைத் தூய்மை செய்தால் போதும், வேறொன்றும் வேண்டா என்றார். அவ்வாறே செய்தோம்.

இனி, அவ்வாறு செய்யும் முறையைக் கூறுகிறேன். செம்மைப்படுத்துதல் என்பது புதிதாக்குதல் அன்று. பொருள் மேலும் அழியாமல் நிறுத்துவதும், அது கூறும் செய்தியைத் தெளிவாக்குவதுமே செம்மை. ஆதலால் முதல் வேலை கையால் செய்வது அன்று, ஏட்டில் செய்வது. நீளம், எடை, நுனியின் குறுக்களவு, வெடிப்பு, கறை, எழுத்து ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டு, நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்து, கோல் நேராக உள்ளதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை நோக்குக. மேசையில் உருட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. கையால் இழைத்த கோல் முழு வட்டமாக இராதாகையால் உருளும்போது நடுங்கலாம். சிறிது வளைந்திருந்தால் அப்படியே விட்டுவிடுவது நலம். நெருப்பில் வாட்டியும் பாரம் ஏற்றியும் நிமிர்த்த முயல்வோர் ஒட்டுகளைப் பிரித்துவிடுகிறார்கள். நம் பகுதியில் கோடையின் வறட்சியும் ஐப்பசி, கார்த்திகை மாத ஈரமும் மாறி மாறி வருவதால் மரம் சுருங்கியும் விரிந்தும் துன்புறும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைவு மிகும். செங்குத்தாகத் தொங்கவிடுவதே தக்கது. வெயிலும் மழைச்சுவரும் படாத இடம் வேண்டும்.

தூய்மை செய்வதற்கு, நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணி போதும். துடைத்தவுடனே உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்துவிட வேண்டும். பழைய கோல்களின் மெருகு பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. ஆகவே ஸ்பிரிட்டால் துடைத்தால் அழுக்கோடு மெருகும் போய்விடும். உப்புத்தாளைத் தண்டில் பயன்படுத்தலாகாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் கோல் இளைக்கிறது. உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆனதுபோல், கோல் தேய்ந்து குச்சியாகும். அன்றியும், பல ஆண்டுகள் கையில் வழுக்கி வழுக்கி ஏற்பட்ட மெருகு, உப்புத்தாள் பட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தண்டு மிகவும் உலர்ந்திருந்தால், ஆளிவிதை எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டு மெல்லத் தடவி, மிகுதியைத் துடைத்துவிடலாம். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு உலரும்போது வெப்பம் உண்டாகித் துணி தானே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்திய பின்னரே அதனை அப்புறப்படுத்த வேண்டும்.

பிரிந்த ஒட்டுகளுக்கு வச்சிரமே ஏற்றது என்பது என் அனுபவம். இக்காலத்துப் பசைகள் அதனைவிட வலியவையாக இருக்கலாம். ஆனால் வச்சிரத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வெப்பமும் ஈரமும் காட்டினால் அது இளகிவிடும். நாம் இன்று செய்த வேலையில் குறை இருந்தால், நாளை நம்மினும் அறிந்த ஒருவர் அதனைப் பிரித்துத் திருத்த முடியும். பிற்காலத்தாருக்கு அந்த உரிமையை விட்டுவைப்பது பழம்பொருள் காப்போரின் முதற்கடமை. தோல் நுனியை மட்டும் தயங்காமல் மாற்றலாம். அது தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு. பழைய தோலைக் கூர்ங்கத்தியால் எடுத்து, அடியைச் சமப்படுத்தி, புதிய தோலின் கீழ்ப்புறத்தைச் சுரசுரப்பாக்கி ஒட்டி, ஓரிரவு அழுத்தி வைத்து, பின்னர் மேற்புறத்தை மெல்லக் குவிந்த வடிவாக்க வேண்டும். எடுத்த பழைய தோலையும் ஓர் உறையில் இட்டுக் கோலோடு வைத்துவிடுக.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய கோல்களின் தகடும் நுனிப்பூணும் சிலவற்றில் யானைத் தந்தத்தால் ஆனவை. பில்லியர்ட்ஸ் பந்துகளும் ஒருகாலத்தில் தந்தத்தால் கடைந்தவையே. அவ்வாட்டத்துக்காக உயிரிழந்த யானைகள் பல. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்கின்றன. தந்தமோ என்று ஐயம் எழுந்தால் விற்கவும் வாங்கவும் முற்படாமல் வனத்துறையினரைக் கலந்துகொள்வதே முறை.

ஒரு காலத்தில் இந்தியரை வாயிலில் நிறுத்திய இந்த ஆட்டத்தில், இந்தியர் உலகத்தை வென்ற வரலாறும் உண்டு. 1958-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில், புனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் வெற்றி பெற்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிமனித விளையாட்டு ஒன்றில் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவே. 1964-இல் நியூசிலாந்திலும் அவர் வென்றார். அவருக்குப் பின் மைக்கேல் பெரேரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று அந்த வரிசை நீண்டது. அவர்கள் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன, நிலைக்க வேண்டியவையே. ஆனால் பொழுது விடிந்ததும் மேசையைத் துடைத்து, வளைந்த கோலை ஒதுக்கி, தேய்ந்த தோலை மாற்றி, அடுத்தவர் ஆடுவதற்கு அறையைத் திறந்து வைத்த எண்ணற்ற மார்க்கர்களின் பெயரை எந்த நூலும் தாங்கவில்லை. அறுத்த பூணிலும், சுற்றிய நூலிலும், கீறிய எழுத்திலும்தான் அவர்களுடைய வரலாறு இருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீடுகளிலும் பழம்பொருள்கள் இருக்கும். தாத்தாவின் கைத்தடியோ, பாட்டியின் அஞ்சறைப்பெட்டியோ, தோல் தொழிற்கூடத்தில் உழைத்த ஒருவரின் சீவுகத்தியோ எதுவாயினும், எறிவதற்கு முன்னும் மெருகிடுவதற்கு முன்னும் அதனை ஒருமுறை கூர்ந்து படியுங்கள். செய்தவர் பெயரை மட்டும் தேடாதீர்கள். பயன்படுத்தியவர், பழுது பார்த்தவர் ஆகியோரின் அடையாளங்களையும் தேடுங்கள். கண்டதை ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, அப்பொருளோடு சேர்த்து வையுங்கள்.